பழைய பிக்கப் டிரக்கில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அபூர்வம். எஞ்சினில் இருக்கும் ஏதோ ஒரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், சில மாதங்களில் அதுவும் போய்விடும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அதனால் இதில் முதல் மூன்று பகுதிகளும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை.

இங்கே சொல்லியிருப்பது பெட்ரோல் எஞ்சின் பிக்கப் டிரக்குகளுக்கு. அதிலும் கேபினுக்கு அடியில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் குழாய்த் தொகுதி) சைலன்சருக்கும் நடுவில் கன்வெர்ட்டர் தனியாக இருக்கும் வகைக்கு. மேனிஃபோல்டோடு சேர்த்தே வார்த்த கன்வெர்ட்டர் என்றால் கழற்றும் முறை வேறு. ஆனால் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

1. கன்வெர்ட்டர்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள்

கன்வெர்ட்டர் மூன்று விதமாகக் கெடும். ஒன்று, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டின் மேல் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு செயலிழந்து புகையைச் சுத்தம் செய்யாமல் போவது. இரண்டு, தேன்கூடு உருகி அடைத்துக்கொள்வது. மூன்று, தேன்கூடு உடைந்து உள்ளே உருள்வது. மூன்றுக்கும் அறிகுறி வேறு வேறு.

பூச்சு செத்துப்போனால் வண்டி ஓடுவதில் வித்தியாசமே தெரியாது. எஞ்சின் விளக்கு எரியும், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் பி0420 அல்லது பி0430 என்ற பிழைக் கோடு (கோளாறு எண்) வரும். அடைத்துக்கொண்டால் இழுவை போகும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் வண்டி ஏறாது, மேட்டில் திணறும். உடைந்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) தகரடப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவது போலச் சத்தம் வரும். எஞ்சின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் வெளியே இருக்கும் வெப்பத் தகடு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். முதலில் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

பி0420 வந்துவிட்டது என்பதற்காகக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் (பின் சென்சார்) சொல்வதை வைத்து வண்டியின் கணினி எடுத்த முடிவு அது. குழாயில் லீக் இருந்தாலும், சென்சாரே கெட்டிருந்தாலும் இதே கோடு வரும். எனவே இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் லீக். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டிலிருந்து பின் சென்சார் வரை ஒவ்வொரு இணைப்பையும் காதாலும் கண்ணாலும் பாருங்கள். கருநிறப் புகைக்கரி படிந்த இடம் பெரும்பாலும் லீக் இருக்கும் இடம்.

அடுத்து, ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்து, சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, முன் பின் சென்சார்களை ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் இருக்கும் சாதாரண சென்சாரில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் வேகமாக ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நல்லபடியாக இருந்தால் பின்னது 0.6, 0.7 வோல்ட் அருகில் பெரிதாக அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் பூச்சு போய்விட்டது.

இழுவைக் குறைவுதான் புகார் என்றால் பின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டுங்கள். ஐடிலில் சுமார் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எங்கோ அடைப்பு. அழுத்தமானி இல்லாவிட்டால் வாக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டிப் பார்க்கலாம். ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது என்று பொருள்.

அடைப்பு கன்வெர்ட்டரில்தானா, சைலன்சரிலா என்பதையும் பிரித்துப் பாருங்கள். உடைந்த தேன்கூட்டின் துண்டுகள் பின்னால் போய்ச் சைலன்சரை அடைப்பது சர்வ சாதாரணம்.

பல வி6, வி8 எஞ்சின்களில் இரண்டு பக்கமும் கன்வெர்ட்டர் இருக்கும். பி0420 என்பது பேங்க் (சிலிண்டர் வரிசை) 1, பி0430 என்பது பேங்க் 2. முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் பேங்க் 1. அது இடதா வலதா என்பது எஞ்சினைப் பொறுத்தது, சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான பக்கத்தை மாற்றிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் நிறைய.

அமெரிக்கச் சந்தையில் 1996 முதல் வந்த வண்டிகளில் ஓபிடி-2 என்ற, கோளாறைத் தானே கண்டறியும் கணினி அமைப்பு இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் பின் சென்சாரே கிடையாது. அவற்றுக்குப் பின்னழுத்தச் சோதனையும் புகைப் பரிசோதனையும்தான் வழி.

2. எது கெடுத்தது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவதுதான் முதல் எதிரி. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் தேன்கூடு, உருகும் அளவுக்குச் சூடாகிவிடும். எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் அதுதான் எச்சரிக்கை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் சில கிலோமீட்டரிலேயே கன்வெர்ட்டர் போய்விடலாம். பி0300 முதல் பி0308 வரை ஏதேனும் கோடு சேமிப்பில் இருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக், காயில், ஒயர், இன்ஜெக்டர், தேவைப்பட்டால் கம்ப்ரஷன் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அடுத்தது பெட்ரோல் அதிகமாகப் போவது. ஸ்கேனரில் குறுகிய கால, நீண்ட கால எரிபொருள் திருத்த அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டு மதிப்பு கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கழித்தல் பக்கம் நிறைய போயிருந்தால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் போகும் பெட்ரோலைக் குறைக்கக் கணினி போராடுகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், கிழிந்த டயஃப்ரம் உள்ள பிரஷர் ரெகுலேட்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

எண்ணெய் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். 1000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கும் எஞ்சினில் புதிய கன்வெர்ட்டர் நீடிக்காது. வால்வ் சீல், பிஸ்டன் ரிங் என்று பெரிய வேலைக்குப் போகும் முன் பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) பாருங்கள். அது அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் இழுக்கும், அதை மாற்றுவது மிகச் சிறிய வேலை.

கூலன்ட் குறைகிறதா? வெள்ளைப் புகையும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கூலன்ட்டில் உள்ள சிலிக்கேட் பூச்சையும் சென்சார் முனையையும் சேர்த்தே கெடுக்கும். அண்மையில் எஞ்சினில் யாராவது சென்சாருக்குப் பாதுகாப்பு என்று குறிப்பிடாத சிலிக்கோன் பேஸ்ட் பூசியிருந்தாலும் இதே விளைவுதான்.

கடைசியாக எஞ்சின் மவுண்ட்டுகளைப் பாருங்கள். ரப்பர் இற்றுப்போனால் எஞ்சின் ஆடும் ஆட்டமெல்லாம் குழாயில் இறங்கி, ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பு) விரிசல் விடும், தேன்கூடும் உடையும்.

3. சரியான கன்வெர்ட்டரை வாங்குங்கள்

இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, உங்கள் வண்டிக்கென்றே வளைத்து, ஃபிளாஞ்சும் சென்சார் மரையும் வைத்து வருவது. மற்றொன்று, வெட்டி வெல்டு செய்து பொருத்த வேண்டிய பொது வகை. வெல்டிங்கில் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால் முதல் வகையை வாங்குங்கள். பொது வகையில் மிச்சமாகும் பணம் வெட்டுவதிலும் பொருத்துவதிலும் கரைந்துவிடும்.

பிக்கப்பில் ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் குழாய் வேறுபடும். எஞ்சின் கொள்ளளவு, கேபின் நீளம், வீல்பேஸ், இரு சக்கர இழுவையா நான்கு சக்கர இழுவையா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதெல்லாம் குழாயின் நீளத்தையும் வளைவையும் மாற்றும். சாசி எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். பானெட்டுக்கு அடியில் உள்ள புகைத் தர ஒட்டுச்சீட்டில் எஞ்சின் குடும்ப எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அந்தத் தரத்துக்கு ஏற்ற கன்வெர்ட்டரை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுவதும் பல நாடுகளில் குற்றம்.

வாங்கியதும் வண்டிக்கு அடியில் கொண்டுபோய்ப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மொத்த நீளம், ஃபிளாஞ்ச் துளைகளின் கோணம், சென்சார் துளைகளின் எண்ணிக்கையும் திசையும், தொங்கு கம்பியின் இடம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். குழாய் விட்டத்தை வெர்னியரில் வெளிப்பக்கம் அளந்து பாருங்கள். இதற்கு முன் எதையும் வெட்டாதீர்கள். வெட்டிய பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

4. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பாகங்கள்: கன்வெர்ட்டர், ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய கேஸ்கெட், புதிய போல்ட் நட் முழுவதும், ஸ்பிரிங் போல்ட் இருந்தால் அதுவும், தொங்கவிடும் ரப்பர்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடவே கூடாது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது.

ஆக்சிஜன் சென்சார் விஷயத்தில் என் கருத்து இது: வண்டி 1,50,000 கி.மீ. தாண்டியிருந்து சென்சார் இன்னும் முதலில் வந்ததே என்றால், குறைந்தது முன் சென்சாரையாவது இப்போதே மாற்றிவிடுங்கள். மந்தமான முன் சென்சார் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கெடுத்துப் புதிய கன்வெர்ட்டரைத் தின்றுவிடும்.

கருவிகள்: ஜாக்கி, குறைந்தது மூன்று டன் தாங்கும் ஸ்டாண்டுகள் நான்கு, சக்கரக் கட்டைகள், ஆறு முனை சாக்கெட் செட், நீளமான கைப்பிடிக் கம்பி, எக்ஸ்டென்ஷன்கள், ஒயர் நுழையப் பிளவு விட்ட 22 மி.மீ. சென்சார் சாக்கெட், டார்க் ரெஞ்ச், ஊடுருவும் எண்ணெய், கம்பி பிரஷ், புரொப்பேன் டார்ச், ஆங்கிள் கிரைண்டர் அல்லது ரெசிப்ரோகேட்டிங் ரம்பம், எம்18x1.5 மரை சுத்தம் செய்யும் டாப், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் பசை), தீயணைப்பான். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம். துருப்பிடித்து மெலிந்த போல்ட் தலையை அது உருட்டிவிடும்.

முழுக்கண்ணாடி, கையுறை, தூசி முகமூடி மூன்றும் கட்டாயம். அண்ணாந்து படுத்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். கன்வெர்ட்டரை வெட்டினால் பீங்கான் நார்த்தூசி பறக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது.

5. முந்தைய நாள் செய்ய வேண்டியது

எல்லா போல்ட் நட்டுகளையும் கம்பி பிரஷால் தேய்த்து, மரை தெரியும்படி செய்து, ஊடுருவும் எண்ணெயை அடியுங்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. இரவு படுக்கும் முன் மற்றொரு தடவை. ஆறிய இரும்பில் எண்ணெய் ஊற நேரம் வேண்டும். சூடான குழாயில் அடித்தால் ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கவும் கூடும்.

சென்சார் மரைகளுக்கு வெளியிலிருந்து மட்டும் ஓரிரு துளி போதும். சென்சாரின் மேல்மூடியில் காற்று இழுக்கும் இடம் இருக்கிறது, எண்ணெய் அங்கே போனால் நல்ல சென்சாரும் தவறாகக் காட்டும்.

6. வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள்

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கட்டை வையுங்கள். முன்பக்க ஸ்டாண்டுகள் சாசியின் கனமான பகுதிக்கு அடியில், பின்பக்க ஸ்டாண்டுகள் ஆக்சில் குழாய்க்கு அடியில். பழைய பிக்கப்பில் சாசியே உள்ளிருந்து அரித்திருக்கும். ஸ்டாண்டு வைக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மங்கலான சத்தம் வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ வேறு இடம் தேடுங்கள்.

அடியில் நுழைவதற்கு முன் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். நீளமான கம்பி போட்டு இழுக்கப் போகிறீர்கள், அந்த விசையில் வண்டி ஒரு இழைகூட நகரக்கூடாது. குழாய்க்கும் தரைக்கும் நடுவே அரை மீட்டராவது இடம் இருந்தால்தான் கை வளையும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

7. முதலில் சென்சார்கள்

கனெக்டரை முதலில் பிரித்துவிட்டுத்தான் சென்சாரைத் திருக வேண்டும். மாற்றிச் செய்தால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துவிடும். முன் பின் சென்சார்களின் கனெக்டர் ஒரே மாதிரி இருக்கலாம், டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

ஆறிய குழாயில் சென்சார் அசையவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். எஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டு, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். துளை இருக்கும் இரும்பு விரிந்து பிடி தளரும். இதற்காக மட்டும் பேட்டரியை மீண்டும் மாட்டி, கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டியிருக்கும், எஞ்சின் ஓடும்போது அடியில் படுத்திருக்கக்கூடாது. பழைய கன்வெர்ட்டரில் இருக்கும் சென்சாரையும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் போராடவே வேண்டாம், கன்வெர்ட்டரோடு சேர்த்தே இறக்கிவிடுங்கள்.

8. துருப்பிடித்த போல்ட்டுகள்

முழு வேலையில் பாதி நேரம் இங்கே போகும். ஒரு கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்பக்கப் போல்ட்டுகள் உடைந்தால் கவலையில்லை, முன்பக்க ஸ்டட்டுகள் (தலையில்லாத மரைக்கம்பிகள்) உடையக்கூடாது. பின்னால் இருப்பவை ஊடே போகும் போல்ட்டுகள், அறுத்துவிட்டுப் புதியது போடலாம். முன்னால் மேனிஃபோல்டில் பதிந்திருக்கும் ஸ்டட் உடைந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும், அது தனி வேலை. அதனால் பின்னால் இரண்டு நிமிடம் முயன்று வராவிட்டால் கிரைண்டரை எடுங்கள். முன்னால் எவ்வளவு நேரமானாலும் பொறுமை.

முன்பக்க நட்டில் சாக்கெட்டை முழுவதும் இறக்கி, முதலில் இறுக்கும் திசையில் மெல்லிய அழுத்தம் கொடுங்கள். துரு முறியும் சிறு சத்தம் கேட்டதும் தளர்த்தும் திசைக்குத் திருப்புங்கள். கால் சுற்று வந்து இறுகினால் மறுபடி உள்ளே திருகி, எண்ணெய் அடித்து, மீண்டும் வெளியே. முன்னும் பின்னுமாகப் போய் வரும்போது மரையில் இருக்கும் துருத்தூள் வெளியே வரும். ஒரே மூச்சில் இழுத்தால் அந்தத் தூள் மரையில் கடித்து, ஸ்டட்டையே முறித்துவிடும்.

ரப்பர் போல நெகிழ்ந்து திரும்புவதாகக் கை உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். நட் தளரவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது சூடு. எண்ணெயைத் துடைத்து, ஆவி போகும்வரை காத்திருந்து, நட்டை மட்டும் டார்ச்சால் சூடாக்குங்கள். ஸ்டட்டைச் சூடாக்கினால் அதுவும் விரிந்து பயனில்லாமல் போகும். நட் மங்கலான சிவப்பு நிறத்துக்கு வந்ததும் கழற்றுங்கள். வரவில்லையா, சற்று ஆறவிட்டு மரையின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு மசகாக வேலை செய்யும். மறுபடி முயன்று பாருங்கள்.

டார்ச் பிடிக்கும் இடத்துக்கு அருகில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர், ரப்பர் பூட் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் சூடு வேண்டாம், நட்டைப் பிளக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் ஒருபோதும் தீயைக் காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இதில் உயிராபத்து உண்டு.

எல்லாம் செய்தும் ஸ்டட் உடைந்துவிட்டால்: வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டு செய்து, வெல்டின் சூடு இருக்கும்போதே திருகி எடுங்கள். மட்டமாக உடைந்திருந்தால் நட்ட நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். இடது திருப்பு டிரில் கிடைத்தால் அதுவே பல நேரம் ஸ்டட்டை வெளியே கொண்டுவந்துவிடும். எம்10x1.5 மரைக்கு 8.5 மி.மீ., எம்10x1.25 மரைக்கு 8.8 மி.மீ. துளை. டாப் போடும் முன் மரை இடைவெளியை அளந்து உறுதி செய்யுங்கள். மேனிஃபோல்டின் பின்புறம் திறந்திருந்தால் துளையை ஊடுருவிப் பெரிதாக்கி, போல்ட் நட் போட்டுவிடுவது இன்னும் எளிது.

9. பழையதை இறக்குங்கள்

கடைசி போல்ட்டை எடுப்பதற்கு முன் கன்வெர்ட்டருக்கு அடியில் ஒரு ஜாக்கியோ மரக்கட்டையோ வைத்துத் தாங்குங்கள். சைலன்சரின் முன் முனையையும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அதைச் சும்மா விட்டால் பின்னால் இருக்கும் தொங்கு கம்பிகள் வளைந்து, பிறகு எதுவும் நேராக நிற்காது.

சில பிக்கப்புகளில் குழாய் டிரான்ஸ்மிஷன் கிராஸ்மெம்பருக்கு (சாசியின் குறுக்குச் சட்டம்) மேலே போகும். கிராஸ்மெம்பரைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் டிரான்ஸ்மிஷனுக்கு முட்டுக்கொடுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் குறுக்கே வரலாம். அதைக் கழற்றும் முன் இரு பக்கமும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதே நிலையில் திரும்ப மாட்டுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு வரும்.

ரப்பர் தொங்கிகளைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். சிலிக்கோன் ஸ்பிரே சென்சாருக்கு ஆகாது.

இறக்கியதும் இரு முனைகளிலும் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். தேன்கூடு உருகியிருந்தால் மிஸ்ஃபயர் அல்லது பெட்ரோல் மிகுதி. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் படிவு என்றால் எண்ணெய், கூலன்ட். கறுப்பு ஈரக்கரி என்றால் பெட்ரோல் மிகுதி. இரண்டாம் பகுதியில் நீங்கள் கண்டுபிடித்த காரணத்தோடு இது ஒத்துப்போகிறதா? போகவில்லை என்றால் புதியதை மாட்டாமல் நிறுத்தி, மறுபடி எஞ்சினைப் பாருங்கள்.

துண்டுகள் குறைந்திருந்தால் அவை சைலன்சருக்குள் இருக்கின்றன. தட்டிக் கவிழ்த்து வெளியே எடுங்கள், வரவில்லை என்றால் சைலன்சரும் மாற வேண்டும்.

10. புதியதை மாட்டுங்கள்

ஃபிளாஞ்ச் முகங்களைக் கம்பி பிரஷால் வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பழைய கேஸ்கெட்டின் சிறு துணுக்கு ஒட்டியிருந்தாலும் லீக்தான். நேர்க்கோலை மேலே வைத்து வளைவு இருக்கிறதா பாருங்கள்.

கன்வெர்ட்டர் மேல் உள்ள அம்புக்குறி புகை போகும் திசையை, அதாவது வண்டியின் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும்.

வரிசை இதுதான்: தொங்கு ரப்பர்களில் மாட்டுங்கள். முன் கேஸ்கெட், முன் நட்டுகள் கையால் மட்டும். பின் கேஸ்கெட், பின் போல்ட்டுகள் கையால் மட்டும். எல்லாம் தளர்வாக இருக்கும்போது குழாயைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். கேபின் தரை, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஷாஃப்ட் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 25 மி.மீ. தள்ளி இருக்கட்டும். எஞ்சின் முறுக்கும்போது குழாய் அசையும், அதற்கும் இடம் வேண்டும். அதன் பிறகுதான் முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். முன்பக்கத்தை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டுப் பின்பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பிச் சேர்ப்பது மிகப் பரவலான தவறு. அந்த இழுவிசை குழாயிலேயே தங்கி, சில மாதத்தில் வெல்டு விரிசல் விடும்.

ஒரு ஃபிளாஞ்சில் இரண்டு, மூன்று போல்ட் இருந்தால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முறுக்கு அளவு சர்வீஸ் புத்தகப்படி இருக்க வேண்டும். எம்10 போல்ட்டுக்குப் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங் போல்ட் என்றால் தோள்பட்டை முட்டியதும் நிறுத்திவிடுங்கள், ஸ்பிரிங் முழுதும் நசுங்கினால் அந்த இணைப்பு வளைய முடியாமல் போகும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் எந்த இணைப்பிலும் சைலன்சர் பேஸ்ட் பூசாதீர்கள். உலர்ந்து உதிரும் துகள் தேன்கூட்டை அடைக்கும்.

சென்சார் துளையில் எம்18x1.5 டாப்பை ஒருமுறை கையால் ஓட்டி, சென்சாரை விரலால் திருகித் தொடங்குங்கள். ஆன்டி-சீஸ் மரையில் மட்டும், முனையில் படக்கூடாது. புதிய சென்சாரில் அது பூசியே வந்திருந்தால் மேலே பூச வேண்டாம். 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் போதும். ஒயர் குழாயைத் தொடாமல், கிளிப்பில் பிடித்திருக்கிறதா பாருங்கள். வெப்பத் தகடுகள் அத்தனையும் திரும்ப மாட்டப்பட வேண்டும். காய்ந்த புல்மேல் வண்டி நின்றால் தீப்பிடிக்காமல் காப்பது அந்தத் தகடுதான்.

11. பொது வகை என்றால் வெல்டிங்

பழையது இருந்த அதே இடத்தில் வையுங்கள். பின்னால் தள்ளினால் புகை ஆறிப்போய், வேலை தொடங்கத் தேவையான 250, 300 டிகிரியை எட்ட நேரமாகும்.

குறைவாக வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. நான்கு இடத்தில் புள்ளி வெல்டு வைத்து, வண்டியில் சரியாக நிற்கிறதா பார்த்து, இறக்கி, வெளியே வைத்து முழு வெல்டு போடுங்கள். வண்டியிலேயே வெல்டு செய்ய வேண்டியிருந்தால் பேட்டரி கழன்றிருக்க வேண்டும், சென்சார்கள் வெளியே இருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே குழாயில் இருக்க வேண்டும். எர்த் தள்ளி இருந்தால் மின்னோட்டம் கணினி வழியாகவும் பேரிங் வழியாகவும் பாதை தேடும். ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதாரண இரும்பையும் சேர்க்க 309எல் ஒயர் போடுங்கள்.

வெல்டிங் இல்லாமல் கிளாம்ப் என்றால் குழாய்கள் 40, 50 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். பட்டை கிளாம்ப் நல்லது. யூ போல்ட் கிளாம்ப் குழாயைக் கவ்வி நசுக்கிவிடும், அடுத்த முறை பிரிக்க முடியாது.

12. ஸ்டார்ட் செய்து லீக் பாருங்கள்

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடம் புகையும் வாடையும் வரும். தயாரிப்பு எண்ணெயும், தேன்கூட்டைப் பிடித்திருக்கும் பாயில் உள்ள பசையும் எரிகின்றன, பயப்பட வேண்டாம். அந்தப் பாய் சூட்டில் விரிந்துதான் தேன்கூட்டை இறுகப் பிடிக்கும். ஆகவே இந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல் ஐடிலிலேயே சூடேற விடுங்கள்.

குழாய் சூடாவதற்கு முன், முதல் ஒரு நிமிடத்திலேயே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்து, வால் குழாயைத் தடித்த துணியால் ஓரளவு மூடிப் பாருங்கள். குமிழ் வந்தால் லீக். சென்சாருக்கு முன்னால் இருக்கும் சின்ன லீக்கைக்கூட விடாதீர்கள். புகை அலை அலையாக வருவதால் இடையிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை ஆக்சிஜன் மிகுதி என்று காட்டும், கணினி பெட்ரோலைக் கூட்டும், புதிய கன்வெர்ட்டர் சூடேறிச் சாகும்.

இரண்டு, மூன்று முறை வண்டி சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையில் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். புது கேஸ்கெட் நசுங்கி இடம் கொடுத்திருக்கும்.

13. பிழைக் கோடுகளை அழித்து ஓட்டிப் பாருங்கள்

கோடுகளை அழித்தால் கணினியின் சுய சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போகும். புகைச் சான்றிதழுக்கு உடனே போனால் சோதனைகள் முடியவில்லை என்று திருப்பி அனுப்பக்கூடும்.

வண்டி ஓர் இரவு முழுக்க நின்று ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு நெடுஞ்சாலையில் மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் சீராகப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் சில தடவை பிரேக் மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைய விடுங்கள். கன்வெர்ட்டர் சோதனை பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் முடிந்த பிறகே ஓடும், அதற்குச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். நாட்கணக்காக ஓட்டியும் முடியவில்லை என்றால் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தால் எஞ்சின் முழுச் சூடுக்கு வராது, சோதனையும் தொடங்காது.

14. அதே கோடு மறுபடி வந்தால்

சில நாளிலேயே வந்தால் மூன்றைப் பாருங்கள்: பின் சென்சாருக்கு முன்னால் லீக், முன் பின் கனெக்டர்கள் மாறிப்போனது, அந்த வண்டியின் தரத்துக்குக் குறைவான மலிவுக் கன்வெர்ட்டர். மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகம் குறைவாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சின் நன்றாக இருந்தாலும் கணினி எதிர்பார்க்கும் அளவை அது எட்டாது.

சில மாதம் கழித்து வந்தால் இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள். எண்ணெய் அளவையும் கூலன்ட் அளவையும் எரிபொருள் திருத்த அளவுகளையும் மாதம் ஒருமுறை குறித்து வைத்திருந்தால், எது நகர்ந்தது என்று அப்போது உடனே தெரியும்.

பழைய கன்வெர்ட்டரை உடனே பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். உள்ளே விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் உடைக்காமல் முழுசாக மறுசுழற்சி செய்பவரிடம் கொடுங்கள். அதுவும் புதியது சோதனையில் தேறிய பிறகு. புதியதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், வண்டியில் முன்பு எது இருந்தது என்று காட்ட அந்தப் பழையதும் அதன் மேல் பொறித்த எண்ணும் தேவைப்படும்.